இளவரசனுக்காக அல்ல: ஆன்டர்சனின் கடற்கன்னி - ஒரு மறுவாசிப்பு

1

ஆன்டர்சனின் கடற்கன்னிக் கதையை யாரையாவது சொல்லச் சொல்லிப் பாருங்கள். கடலுக்கடியில் ஒரு ராஜகுமாரி. மேலே வந்தவள் ஒரு இளவரசனைப் பார்த்து மயங்கினாள். அவனுக்காக வாலை விட்டாள், குரலை விட்டாள். அவன் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான். இவள் கடல் நுரையாகிப் போனாள். அடப்பாவமே! முடிந்தது கதை. குழந்தைகளுக்கான சுருக்கப் பதிப்புகள் பெரும்பாலும் இந்த எலும்புக்கூட்டைத்தான் கையில் கொடுக்கின்றன. காதலுக்காகத் தன்னை அழித்துக்கொண்டவள் என்று அவளுக்கு ஒரு பட்டமும் கிடைத்துவிடுகிறது. இந்தப் பட்டத்தை வாங்க நம்மிடம் ஏற்கெனவே ஒரு மாடம் தயாராக இருக்கிறது. அதில் பத்தினிகளை வரிசையாக உட்கார வைத்திருக்கிறோம். இவளையும் கொண்டுபோய் அங்கே உட்கார வைப்பதில் நமக்குச் சிரமமே இல்லை.

இந்தச் சுருக்கத்தில் ஒரு சொல் காணாமல் போயிருக்கிறது. ஆன்மா. 1837 ஏப்ரலில் கோபன்ஹேகனில் வெளியான மெலிந்த தொகுதியில் ('சக்கரவர்த்தியின் புத்தாடை' வந்ததும் அதே தொகுதியில்தான்) உள்ள கதையை முழுசாகப் படிக்கிறவர்களுக்கு இந்தச் சொல்லைத் தாண்டிப் போவது கஷ்டம். கதையை நகர்த்துவது அதுதான். அவளைச் சூனியக்காரியிடம் அனுப்புவதும் அதுதான். காதலே கதையில் கிடையாது என்று நான் சொல்ல வரவில்லை. அவள் அவனை நேசிக்கிறாள். பிரதி அதை ஒளிக்கவில்லை. ஆனால் அவளுடைய வேட்கை அவனில் தொடங்கவும் இல்லை, அவனோடு முடியவும் இல்லை. அவன் அதன் வழியில் நிற்கிற ஒரு கதவு. அந்தக் கதவை ஏன் ஆண் உருவத்தில் செய்து வைத்தார்கள், அதைத் திறக்கச் சாவியாக ஏன் அவள் நாக்கைக் கேட்டார்கள் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

2

சம்பவங்களின் வரிசையை முதலில் பார்க்கலாம். கதையாடலில் வரிசை சாதாரண விஷயமல்ல.

ஆறு சகோதரிகளில் அவள் கடைசி. ஒவ்வொருத்திக்கும் கடலடியில் சொந்தமாக ஒரு தோட்டத் துண்டு. ஒருத்தி திமிங்கலம்போலப் பாத்தி கட்டுகிறாள், இன்னொருத்தி கடற்கன்னிபோல. இவள் மட்டும் சூரியனைப்போல வட்டமாகக் கட்டி, சூரியனைப்போலச் சிவந்த பூக்களை மட்டுமே வைக்கிறாள். பார்த்தே இராத சூரியன் அது. நீர் வழியாக மங்கலாகத் தெரிகிற ஒன்று. உடைந்த கப்பலிலிருந்து விழுந்த பளிங்குச் சிறுவன் சிலை ஒன்றும் அங்கே இருக்கிறது. பாட்டியை நச்சரித்துக் கேட்பதெல்லாம் மேலுலகச் செய்திகள்: கப்பல்கள், ஊர்கள், மனிதர்கள், விலங்குகள். மேலே பூக்களுக்கு வாசனை உண்டாமே என்பது அவளுக்குப் பெரிய ஆச்சரியம். பதினைந்து வயது ஆனால்தான் மேலே போக அனுமதி. அக்காமார் ஒவ்வொருத்தியாகப் போய்வந்து, கொஞ்ச நாளில் அலுத்துப்போய், நம் வீடே மேல் என்று சொல்லிவிடுகிறார்கள். இவள் காத்திருக்கிறாள்.

இவ்வளவும் இளவரசன் வருவதற்கு முன்னால் நடந்தவை. சிலையை வைத்து, ஆணுக்கான ஏக்கம் முன்பே இருந்தது பார் என்று சிலர் வாதிடலாம். சரி, ஆனால் இதையும் கவனியுங்கள்: சிலை இளவரசனைப்போல இருந்ததாகக் கதை தொடங்கவில்லை, பின்னால் வருகிற இளவரசன்தான் சிலையைப்போல இருக்கிறான். ஏற்கெனவே ஒழித்து வைத்த ஓர் இடத்தில் அவன் வந்து பொருந்துகிறான். இடம் முன்னது, ஆள் பின்னது.

கப்பல் உடைந்து அவனைக் காப்பாற்றிய பிறகும் அவளுடைய ஆசை அவனோடு நின்றுவிடுவதில்லை. மனிதர்களை, பன்மையில்தான், அவள் மேலும் மேலும் விரும்பத் தொடங்குகிறாள் என்கிறது பிரதி. அவர்களுடைய உலகம் தன்னுடையதைவிடப் பெரிசு என்று அவளுக்குப் படுகிறது. அப்புறம் பாட்டியிடம் போய் அவள் கேட்கிற கேள்வி என்ன தெரியுமா? அவன் எப்படிப்பட்டவன், அவனை அடைவது எப்படி என்றல்ல. தண்ணீரில் மூழ்கிச் சாகாவிட்டால் மனிதர்கள் என்றைக்கும் இருப்பார்களா என்று கேட்கிறாள். காதல் வயப்பட்டதாகச் சொல்லப்படுகிற பதினைந்து வயசுப் பெண் கேட்கிற கேள்வி சாவைப் பற்றியது!

பாட்டியின் பதில் கொடூரமானது. நமக்கு முந்நூறு வருஷம். முடிந்தால் வெறும் நுரை. ஒரு கல்லறைகூட மிஞ்சாது. மனிதர்களுக்கு ஆயுசு குறைவு, ஆனால் அழியாத ஆன்மா உண்டு. உடனே அவள், தன் முந்நூறு வருஷத்தையும் கொடுத்துவிட்டு ஒரே ஒரு நாள் மனுசியாக இருந்து அந்த மேலுலகத்தில் பங்கு பெறத் தயார் என்கிறாள். வழி உண்டா என்று கேட்ட பிறகுதான் திருமணம் என்ற பேச்சே வருகிறது. ஒரு மனிதன் தாய் தகப்பனைவிட உன்னை மேலாக நேசித்து, பாதிரியார் முன்னிலையில் உன் கையைப் பிடித்தால், அவனுடைய ஆன்மா உனக்குள்ளும் வழியும். ஆக, கல்யாணம் இங்கே ஒரு நடைமுறை. விண்ணப்பம் போய்ச் சேர வேண்டிய இடம் வேறு.

3

இந்த இடத்தில் தமிழ் வாசகன் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறான். அதற்குக் காரணம் உண்டு. உயிருள்ள ஒன்றுக்கு ஆன்மா இல்லை என்ற எண்ணமே நம் மரபுக்குள் புரிபடாதது. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொடங்கி மனிதனை ஆறறிவில் கொண்டு நிறுத்துகிறது. படிகள் உண்டே தவிர உயிர் இல்லாத படி என்று ஒன்று கிடையாது. சமணத்துக்குத் துளித் தண்ணீரிலும் உயிர் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் பசு, பதியைப்போலவே அநாதி. இப்படி ஒரு மனப்பழக்கத்தில் ஊறியவனிடம், கடற்கன்னிக்கு ஆன்மா இல்லை, அதைச் சம்பாதிக்கத்தான் அவள் கிளம்பினாள் என்று சொன்னால், ஏதோ அலங்காரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவான். ஆன்மா கழன்று விழுந்ததும் கையில் மிஞ்சுவது இளவரசன் மட்டும். சுருக்கிச் சொல்கிறவர்களின் சோம்பல் மட்டும் இதற்குக் காரணமல்ல. மொழிக்குள் அந்தக் கருத்துக்கு உட்கார இடமில்லை என்பதும் காரணம்.

ஐரோப்பாவில் இந்தக் கருத்துக்குப் பழைய வரலாறு உண்டு. நீர், காற்று, நிலம், நெருப்பு ஆகியவற்றில் வாழும் பிறவிகள் மனிதர்களைப்போலவே உண்டு உறங்கினாலும் அவற்றுக்கு ஆன்மா கிடையாது; மனிதனை மணந்தால் நீர்ப்பெண்ணுக்கு அது கிடைக்கும் என்று எழுதி வைத்தவர் பதினாறாம் நூற்றாண்டின் பாராசெல்சஸ். அதிலிருந்து ஃபூகே என்ற ஜெர்மானியர் 1811இல் 'உன்டீன்' கதையை எழுதினார். அதில் நீர்ப்பெண் ஒரு வீரனை மணக்கிறாள், மணந்தவுடன் ஆன்மா பெறுகிறாள். அதுவரை விளையாட்டுப் பிள்ளையாகத் திரிந்தவள் மறுநாளே அடக்க ஒடுக்கமான மனைவியாகிவிடுகிறாள். எவ்வளவு சௌகரியமான ஆன்மா, பாருங்கள்!

ஆன்டர்சனுக்கு இந்த ஏற்பாடு ஒப்பவில்லை. 1837 பிப்ரவரியில் நண்பரான எழுத்தாளர் இங்கெமனுக்கு எழுதிய கடிதத்தில், ஃபூகே செய்ததைப்போலத் தன் கடற்கன்னியின் ஆன்மாவை வேறொரு பிறவியின் அன்பைச் சார்ந்திருக்கும்படி தான் விடவில்லை, அது தவறு என்ற பொருளில் சொல்கிறார். கதைக்கு அவர் முதலில் நினைத்திருந்த தலைப்பு 'காற்றின் மகள்கள்' என்பதும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. அதாவது, பலரும் பின்னொட்டு என்று வெட்டி எறிகிற கடைசிப் பகுதிதான் எழுதியவர் மனதில் முதலில் இருந்தது.

'ஆன்மா' என்பதைச் சமயச் சரக்கு என்று ஒதுக்கிவிட்டால் கதை புரியாது. இந்தப் பிரதிக்குள் அது குறிப்பது, ஒருத்தி முழு மனுசியாக எண்ணப்படுகிற தகுதியை. யார் செத்தால் கணக்கில் வருவார்கள், யார் செத்தால் நுரை என்கிற பாகுபாடு அது. எல்லா உயிருக்கும் ஆன்மா உண்டு என்று பேசிக்கொண்டே, மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒரு பகுதி மனிதர்களை 1939 வரை விடாமல் வைத்திருந்த சமூகத்துக்கு இது புரியாத விஷயமாக இருக்க முடியாது. தத்துவத்தில் கொடுத்ததை வாசலில் பிடுங்கிக்கொள்வது நமக்குத் தெரிந்த வித்தைதான்.

4

இப்போது விலைக்கு வருவோம். சூனியக்காரி அவள் நாக்கை அறுத்துக்கொள்கிறாள். நிலத்திலும் நீரிலும் அவளுக்கு நிகரான குரல் இல்லை. குரல் போனால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று அவள் கேட்கும்போது, அழகான உருவமும் மிதக்கிற நடையும் பேசுகிற கண்களும் இருக்கிறதே, ஒரு மனித இதயத்தை மயக்க அது போதாதா என்கிற ரீதியில் பதில் வருகிறது. ஆணின் உலகத்துக்குள் நுழையப் பெண்ணுக்கு என்ன தேவை, என்ன தேவையில்லை என்று அட்டவணை போட்டுக் கொடுத்துவிடுகிறாள் கிழவி. கதையில் அவளைப்போல நிலவரம் தெரிந்த ஆள் வேறு யாருமில்லை.

அரண்மனைக் காட்சிகளை மெதுவாகப் படிக்க வேண்டும். ஒவ்வொரு அடியும் கத்திமுனையில் வைப்பதுபோல வலிக்க அவள் ஆடுகிறாள், எல்லோரும் சொக்கிப்போகிறார்கள். அடிமைப் பெண்கள் பாட, இளவரசன் கைதட்டுகிறான். தான் இதைவிட எவ்வளவோ நன்றாகப் பாடியவள் என்பது இவளுக்கு மட்டும் தெரியும், சொல்ல வாயில்லை. அவன் அறை வாசலில் வெல்வெட் மெத்தையில் படுத்துக்கொள்ள அவளுக்கு அனுமதி கிடைக்கிறது. வாசலில்! ஆண் உடை தைத்துக் கொடுத்துக் குதிரையில் கூட்டிப் போகிறான். கண்டெடுத்த குழந்தை என்று செல்லமாகக் கூப்பிடுகிறான். நெற்றியில் முத்தமும் உண்டு. அன்புக்குக் குறைச்சலே இல்லை. சமத்துவம்தான் இல்லை.

இதைப் படிக்கும்போது ஆன்டர்சனின் வாழ்க்கை ஞாபகத்துக்கு வராமல் போகாது. ஓடென்சே ஊரில் செருப்புத் தைக்கிறவருக்கும் துணி வெளுக்கிற பெண்ணுக்கும் 1805இல் பிறந்தவர். 1819இல், பதினாலு வயசில், தனியாகக் கோபன்ஹேகன் போய் ராயல் தியேட்டரில் பாடகனாக, நடனக்காரனாக ஆகப் பார்த்தார். குரல் உடைந்து அந்த வழி அடைபட்டது. யோனாஸ் கொலின் என்ற உயர் அதிகாரியின் ஆதரவில் படித்தார். அந்த வீட்டில் பிள்ளைபோலப் புழங்கினார். 1831இல் அந்த வீட்டு மகன் எட்வர்டிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்: நாம் ஒருவரையொருவர் 'நீ' என்று கூப்பிட்டுக்கொள்ளலாமே. எட்வர்ட் முடியாது என்று எழுதிவிட்டார். 'நீங்க'வோடு நிறுத்திக்கொள்வோம். தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் 'நீ' மேலேயிருந்து கீழே சுலபமாக உருளும். இரண்டு பேரும் சமமாகச் சொல்லிக்கொள்ள வேண்டுமானால் எத்தனை சுவர்கள் இடிய வேண்டும் என்பது தெரிந்ததே. வீட்டுக்குள் விட்டார்கள், சாப்பாடு போட்டார்கள், படிக்க வைத்தார்கள், 'நீ'யை மட்டும் கொடுக்கவில்லை. அந்த வெல்வெட் மெத்தை எங்கேயிருந்து வந்தது என்று தனியாகத் தேட வேண்டியதில்லை.

1836இல் எட்வர்டுக்குக் கல்யாணம், அடுத்த வருஷம் இந்தக் கதை. ஆகவே கடற்கன்னி என்பவள் ஆன்டர்சன், இளவரசன் எட்வர்ட், சொல்ல முடியாத ஓர்பால் காதலின் கதை இது என்கிற வாசிப்பு இன்று பரவலாக இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. அந்தக் கடிதங்களில் தெரிகிற தவிப்பு நிஜமானது. ஆனால் அதோடு நின்றுவிட்டால் பழைய குழியிலேயே விழுகிறோம். ஆளை மாற்றினோம், காதல் கதை காதல் கதையாகவே இருக்கிறது. ஆன்டர்சன் கேட்டது அன்பு மட்டுமல்ல, அந்தச் சின்ன முன்னிலைச் சொல்லும்தான். ஆசையும் அந்தஸ்தும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிற இடம் அது. ஒன்றைப் பிரித்து எடுத்துவிட்டு மற்றதை மட்டும் வாசிக்க முடியாது.

5

கத்திக் காட்சி. தங்கள் கூந்தலைச் சூனியக்காரிக்கு விற்று, அக்காமார் ஒரு கத்தி வாங்கி வருகிறார்கள். சூரியன் உதிப்பதற்குள் இளவரசனைக் குத்திக் கொன்று, ரத்தம் காலில் பட்டால் வால் திரும்பும், முந்நூறு வருஷமும் திரும்பும். அவள் கூடாரத்துக்குள் போகிறாள். தூக்கத்தில் அவன் புது மனைவியின் பெயரைச் சொல்கிறான். கத்தி அவள் கையில் நடுங்குகிறது. பிறகு கடலில் வீசிவிட்டுத் தானும் குதிக்கிறாள்.

வழக்கமான வாசிப்பு: உண்மைக் காதல், தியாகம். நான் இதைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கிறேன். அதுவரை அவளுக்கு முன்னால் வைக்கப்பட்டதெல்லாம் பேரம். அனுமதி, நிபந்தனை, விலை. பாட்டியின் வழியும் சூனியக்காரியின் வழியும் அவளுடைய இருப்பை இளவரசனின் கையில் வைத்தன: அவன் நேசித்தால் ஆன்மா, மறுத்தால் நுரை. அக்காமாரின் வழி அதையே தலைகீழாக்குகிறது: அவன் செத்தால் உனக்கு உயிர். மணந்தாலும் கொன்றாலும் கணக்கு அவன் உடம்பின் வழியாகத்தான் போகிறது. கத்தியை வீசும்போது அவள் அந்தக் கணக்கை மொத்தமாக மூடுகிறாள். அவனைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் கதையில் முதல்முறையாக, அவன் வழியாகப் போகாத ஒரு முடிவை அவள் எடுத்ததும் அங்கேதான். நாக்கு இல்லாதவள் சொன்ன முதல் 'மாட்டேன்' அது.

6

சாகவில்லை அவள். நுரையிலிருந்து எழும்பிக் காற்றின் மகள்களோடு சேர்கிறாள். அங்கே முதலில் நடப்பதைச் சுருக்கங்கள் எல்லாம் தின்றுவிடுகின்றன: அவளுக்குக் குரல் திரும்புகிறது. அந்தக் குரலில் முதலில் அவள் கேட்பது, நான் யாரிடம் வந்துகொண்டிருக்கிறேன் என்ற கேள்வி. கடற்கன்னிகளுக்குக் கண்ணீர் கிடையாது என்று கதையின் நடுவில் வந்தது. இப்போது கண்ணீரும் கிடைக்கிறது. ஒரு கடற்கன்னியின் நித்தியம் அந்நியனின் சக்தியில் தொங்கிக்கொண்டிருக்கிறது, நாங்களோ செய்கிற நல்ல காரியங்களால் ஆன்மாவை நாங்களே உண்டாக்கிக்கொள்கிறோம் என்று அந்தப் பெண்கள் விளக்குகிறார்கள். கொள்ளைநோய்க் காற்று மனிதர்களைக் கொல்கிற வெப்ப தேசங்களுக்குப் போய்க் குளிர்ச்சி கொடுப்பது அவர்கள் வேலை. முந்நூறு வருஷம் வேலை. வாழ்நாளாக விட்டுக்கொடுத்த அதே முந்நூறு, உழைப்பாகத் திரும்பி வருகிறது.

கணவன் தருகிற ஆன்மாவிலிருந்து உழைத்துச் சம்பாதிக்கிற ஆன்மாவுக்கு. இது சின்ன நகர்வல்ல. அதனால் கொண்டாடிவிடலாமா? அங்கேதான் சிக்கல். கடைசி வரிகளில் ஆன்டர்சன் ஒரு காரியம் செய்கிறார். காற்றின் மகள்கள் வீடுகளுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நுழைகிறார்களாம். நல்ல குழந்தையைக் கண்டு சிரித்தால் ஒரு வருஷம் குறையும், கெட்ட குழந்தையைக் கண்டு அழுதால் ஒவ்வொரு கண்ணீருக்கும் ஒரு நாள் கூடும். சேட்டை செய்தால் கடற்கன்னிக்குத் தண்டனை! கணவனின் பிடியிலிருந்து விடுவித்த கையோடு, வேறு யாரோ பெற்ற பிள்ளைகளின் நடத்தையோடு அவளைக் கட்டிப்போடுகிறார். படிக்கிற பிள்ளையையும் மிரட்டியாகிவிட்டது. அடுத்தவரைச் சார்ந்த ஆன்மா தவறு என்று கடிதத்தில் எழுதியவருக்குத் தன் பிரதி கடைசிப் பத்தியில் என்ன செய்கிறது என்று தெரிந்ததா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிறிஸ்தவக் குடும்ப ஒழுக்கம், முன்வாசலில் விரட்டியதும் புழக்கடை வழியாக உள்ளே வந்துவிட்டது. ஆனாலும் பிரதியின் இந்த விரிசலோடு சேர்த்தே அவளை நான் வாசிக்க விரும்புகிறேன். விரிசலை மறைக்க ஆன்மாவையே வெட்டுகிறவர்களைவிட அது மேல்.

7

டிஸ்னி 1989இல் எடுத்த படம் அதைத்தான் செய்தது. அதிலும் ஏரியல், இளவரசனைப் பார்ப்பதற்கு முன்பே மனிதர்களின் கரண்டி, கண்ணாடி என்று பொறுக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, அந்த உலகத்தில் நடக்க வேண்டும் என்று ஏங்கிப் பாடுகிறாள். ஆக, வேட்கை முதலில், ஆண் பிறகு என்ற வரிசை அங்கேயும் தப்பிப் பிழைத்திருக்கிறது. ஆனால் முடிவைப் பாருங்கள். நாக்கு அறுபடுவதில்லை, குரல் ஒரு சிப்பியில் அடைபட்டு பத்திரமாகத் திரும்பி வருகிறது. சூனியக்காரியை இளவரசன் கொல்கிறான். கடைசியில் அவளுக்குக் கால்களைக் கொடுப்பவர் அப்பா. அப்பா கொடுக்க, மாப்பிள்ளை வாங்கிக்கொள்ள, கப்பலில் கல்யாணம். ஆன்டர்சன் வலியோடு அவிழ்த்த முடிச்சை டிஸ்னி நிதானமாக மறுபடி போட்டுவிட்டது. கன்னிகாதானம் என்று நமக்குத் தெரிந்த பெயரில் சொல்லலாம்.

கோபன்ஹேகன் கடலோரத்தில் 1913இல் வைத்த எட்வர்ட் எரிக்சனின் வெண்கலச் சிலையும் எனக்கு உவப்பாயில்லை. பாறைமேல் உட்கார்ந்து யாருக்காகவோ காத்திருப்பவளைப்போல இருக்கிறாள். கதையில் வருகிறவள் பதினைந்து வயசுக்கப்புறம் எங்கேயும் சும்மா உட்காரவில்லை. சூனியக்காரியின் சுழல்களைக் கடந்து போகிறாள், கத்திமுனையில் நடக்கிறாள், மலையேறுகிறாள், ரத்தம் வடிய ஆடுகிறாள்.

காதலுக்காக எல்லாவற்றையும் விட்டவள் என்று ஒரு சிறுமிக்குச் சொல்லிக் கொடுக்கும்போது, அவளுக்கும் நாளைக்கு விடுவதற்கு ஏதோ இருக்கிறது, அதை வாங்க ஒருத்தன் வருவான் என்றும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறோம். செத்தால் நான் கணக்கில் வருவேனா என்று கேட்டவள் என்று சொன்னால், அந்தச் சிறுமி வேறு மாதிரி யோசிக்கக்கூடும். தமிழில் இனி இதைப் பெயர்க்கிறவர்கள் பாட்டியோடு அவள் பேசுகிற அந்த உரையாடலையும், காற்றின் மகள்கள் வருகிற பகுதியையும் வெட்டாமல் கொடுத்தால் போதும். கெட்ட குழந்தைகளுக்காகச் சிந்துகிற அந்தச் சங்கடமான கண்ணீர் உட்பட. பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, இது என்ன நியாயம் என்று கேட்கட்டும். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.